காற்று மேற்கே, மற்றது உங்கள் இஷ்டம்

சின்ன விமான மைதானத்தில் ரேடியோவில் பேசுகிறவருக்கு 'இறங்கு' என்று சொல்ல அதிகாரம் கிடையாது. 'இறங்காதே' என்று சொல்லவும் கிடையாது. பெரிய நிலையங்களில் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கட்டளை போடலாம். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகப் பறக்கிறவர்களுக்கென்று இருக்கும் புல்தரை மைதானத்தில் தகவல் மட்டும்தான் தரலாம். காற்று எந்தப் பக்கம், என்ன வேகம், ஓடுபாதை காலியா இல்லையா, அவ்வளவுதான். இறங்குவதும் இறங்காமல் போவதும் ஓட்டுகிறவர் பாடு. சட்டப் புத்தகத்தில் இதை ஒன்றரைப் பக்கத்துக்கு இழுத்திருந்தார்கள். நம் மைதானத்து ரேடியோக்காரர் மூன்றே வரியில் முடித்துவிட்டார்.

"காத்து மேற்கே எட்டு. பாதை காலி. மத்தது உங்க இஷ்டம்."

இருபத்தாறு வருஷமாக இதே பாட்டு. கடைசியில் அவருக்கு இஷ்டம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மரியாதை தெரிந்தவர்கள் இஷ்டம் சார் என்பார்கள். அவசரக்காரர்கள் சாரை விட்டுவிடுவார்கள்.

முதல் வருஷம் மட்டும் அவர் ஒரு தப்பு செய்தார். ஓடுபாதையில் நாய் ஒன்று கால் நீட்டிப் படுத்திருந்தது. இறங்க வந்தவரிடம் "இறங்காதீங்க, இறங்காதீங்க" என்று சொல்லிவிட்டார். வந்தவர் மிரண்டுபோய் மேலே எழும்பி, இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்ரோல் தீர்ந்து பக்கத்து மக்காச்சோளக் காட்டில் போய் உட்கார்ந்தார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சோளத்துக்குத்தான் ஆனது. நாய் அதற்கு வெகு முன்பே எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போயிருந்தது. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரித்தார். நாய் இருக்கிறது என்று சொல்லலாம், இறங்காதே என்று சொல்ல நீ யார் என்பதை மிக மரியாதையான மொழியில் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்ட நாளோடு, 'வேண்டாம்' என்கிற சரக்கையே இவர் கடையிலிருந்து எடுத்துவிட்டார்.

வீட்டிலும் அதே கடைதான். சுவருக்கு நீலம் அடிக்கலாமா மஞ்சள் அடிக்கலாமா என்று மனைவி கேட்டால், உன் இஷ்டம். மகள் என்ன படிக்கட்டும் என்று கேட்டாள், உன் இஷ்டம்மா. யாரைக் கட்டிக்கொள்ளட்டும் என்று கேட்டாள், அதுவும் உன் இஷ்டம்மா. அவள் இஷ்டப்பட்டவனையே கட்டிக்கொண்டு வெளியூரில் நன்றாக இருக்கிறாள். எங்கப்பா எங்களைச் சுதந்திரமாக வளர்த்தார் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

"சுதந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அவருக்கு வாயில வேற வார்த்தை கிடையாது."

அப்படிப்பட்ட மனுஷரைத்தான் மைதானத்துக்காரர்கள் இன்றைக்குப் பேச்சுவார்த்தைக்கு அனுப்புவதாக இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. மைதானத்துக்கு இதுவே கடைசி நாள். நிலத்துக்குச் சொந்தக்காரரான பெரியவர் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். நிலம் அவர் மகள் பெயருக்கு வந்தது. அவள் அதைச் சோலார் கம்பெனிக்கு முப்பது வருஷக் குத்தகைக்கு விடப்போகிறாள். நாலு மணிக்கு இங்கேயே வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து. கம்பெனிக்காரர் எல்லையை ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன் என்றதால்தான் இங்கே. பாதிப்பேர் காலையிலேயே தங்கள் விமானங்களை ஓட்டிக்கொண்டு நாற்பது மைல் தள்ளியிருக்கும் வேறு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் கையெழுத்து இன்னும் விழவில்லை. விழும்வரைக்கும் எதுவும் முடிந்துபோகவில்லை என்று மிச்சமிருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்க வேண்டும். யார் கேட்பது? ஏழு வயசிலிருந்து அவள் 'ரேடியோ மாமா, ரேடியோ மாமா' என்று இவர் காலைச் சுற்றி வளர்ந்தவள். இவர் கேட்டால் தட்டமாட்டாள்.

விமானக் கொட்டகையில் எண்ணெய் வடியும் தட்டுகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு விமானங்கள் மட்டும். ஒன்று பல் டாக்டருடையது. இன்னொன்றுக்கு மூன்று பேர் சொந்தக்காரர்கள். அதில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை, மூன்றாமவர் இரும்புக்கடைக்காரர் மட்டும் வந்திருந்தார். ஆணியிலிருந்து உத்தரம் வரைக்கும் முப்பத்தைந்து வருஷமாகப் பேரம் பேசி விற்றவர். இஷ்டத்தை ஒரு பெட்ரோல் டின்னின் மேல் உட்கார வைத்து அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"முதல்ல பத்து வருஷம்னு கேளுங்க. இன்னும் பத்து வருஷம் விட்டுக் குடுங்கன்னு."

"பத்து வருஷமா?"

"அவங்க முடியாதும்பாங்க. சொல்லட்டும். நீங்க எழுந்திருங்க. சரி, நான் வரேன்னு சொல்லிட்டு வாசல் வரைக்கும் நடங்க. கூப்பிடுவாங்க. திரும்பி வந்து அஞ்சுன்னு சொல்லுங்க. கடைசியா ரெண்டுல வந்து நிக்கணும். நமக்கு ரெண்டு போதும்."

"கூப்பிடலன்னா?"

"கூப்பிடலன்னா வாசல்ல செருப்பு மாட்டற மாதிரி கொஞ்சம் நேரம் பண்ணுங்க."

"நான் ஷூ போட்டிருக்கேன்."

"அப்ப லேஸ் கட்டுங்க. ரெண்டு கால்லயும் கட்டுங்க. அதுக்குள்ள கூப்பிட்டுடுவாங்க. என் கடையில கூப்பிடாம விட்ட ஆளே கிடையாது."

பல் டாக்டர் விமானத்தின் இறக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"இஷ்டம் சார், சாப்பிட்டீங்களா? முகமே சரியில்லையே."

"ஊசி போட்ட மாதிரி இருக்கு டாக்டர்."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

டாக்டர் சிரித்தார். இவர் சொன்னது சிரிப்புக்கு இல்லை. இரண்டு மாசம் முன்னால், மைதானத்தை மூடப்போவதாகப் பறப்பவர்கள் கிளப்புக்குப் பெரியவர் மகளின் கடிதம் வந்ததிலிருந்து அவருக்கு அப்படித்தான் இருந்தது. பல் பிடுங்குவதற்கு முன்னால் கன்னம் மரத்துப்போகுமே, தொட்டால் வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அந்த மாதிரி. மற்றவர்கள் கத்தினார்கள், ஆளாளுக்கு மனு எழுதினார்கள். பறக்கச் சொல்லிக் கொடுக்கும் டீச்சரம்மா ஒரு நாள் முழுக்க ஓடுபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். இவர் வழக்கம்போல எட்டு மணிக்கு வந்தார். புல் எத்தனை விரல்கடை வளர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். ஓடுபாதை ஓரத்தில் பாதி புதைத்து வைத்த டயர்களுக்கு வெள்ளை அடித்தார். எல்லாவற்றையும் செய்தார். எதுவும் உறைக்கவில்லை.

"நீங்க கேட்டாப் போதும்" என்றார் டாக்டர். "நாங்க கேட்டா வாடிக்கைக்காரன் கேக்கற மாதிரி இருக்கும். நீங்க கேட்டா வீட்டு மனுஷன் கேக்கற மாதிரி."

"கேக்கறேன்" என்றார் இவர்.

காலையில் மனைவியிடமும் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தார். அவள் நம்பவில்லை. இவர் ஷூவுக்குப் பாலிஷ் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்று, "இன்னிக்காவது வாயைத் தொறங்க. அந்தப் பொண்ணு கடிச்சுத் தின்னுடாது" என்றாள். பிறகு, "இதுக்கும் உன் இஷ்டம்னு சொன்னீங்கன்னா நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு அக்காவே கிடையாது.

மூன்றரைக்குப் பெரியவரின் மகள் வந்தாள். முப்பத்து மூன்று வயசு. டவுனில் மெத்தைக்கடை வைத்திருக்கிறாள். கம்பெனிக்காரரை எல்லை வேலியைப் பார்க்க அனுப்பிவிட்டு, கொட்டகைப் பக்கம் திரும்பாமல் நேரே மரப்படியில் ஏறினாள். பதினோரு படி. கீழே சாமான் அறை, மேலே ரேடியோ அறை. மூன்று பக்கமும் கண்ணாடி. ஒரு மேஜை, அதன்மேல் ரேடியோ, மைக், காற்று வேகம் காட்டும் முள், சுருட்டைக் கம்பி வைத்த பழைய தொலைபேசி, விமானம் வந்துபோகும் நேரம் குறிக்கும் பெரிய நோட்டு. நாற்காலி ஒன்றுதான். அவள் எப்போதும்போல ஜன்னல் திண்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"ரேடியோ மாமா, டீ இருக்கா?"

"பிளாஸ்க்ல இருக்கு. சர்க்கரை தூக்கலா இருக்கும்."

"அப்பா போட்ட அளவா?"

"அதே அளவுதான். மாத்தல."

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். மறுபடியும் குடித்தாள்.

"கீழ எல்லாரும் என்னை முறைக்கறாங்க."

"முறைக்கல பாப்பா. கவலையா இருக்காங்க."

"இரும்புக்கடைக்காரருக்குக் கவலை வந்தா புருவம் அப்படித்தான் போகுமா?"

அவருக்கு இப்போது ஆரம்பிக்கலாம் என்று தோன்றியது. பத்து வருஷம், அஞ்சு வருஷம், ரெண்டு வருஷம் என்று மனசுக்குள் ஒரு தடவை வரிசைப்படுத்திக்கொண்டார்.

"பாப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"நானும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் மேல வந்தேன்."

"அப்ப நீங்களே முதல்ல கேளுங்க."

அவள் டம்ளரைத் திண்டில் வைத்தாள். "அன்னிக்கு நான் போன் பண்ணப்ப ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"என்னிக்கு?"

"ரெண்டு மாசம் முன்னாடி, ஒரு சனிக்கிழமை. கம்பெனிக்காரங்க அப்பதான் முதல் தடவை வந்துட்டுப் போனாங்க. தம்பி குடுத்துடலாம், குடுத்துடலாம்னு உயிரை வாங்கறான். எனக்கு மனசே இல்ல. அப்பா போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லியிருந்தார். மைதானத்தைப் பத்தி எது முடிவு பண்ணாலும் ரேடியோ மாமாவைக் கேளு, அவர் வேண்டாம்னா விட்டுடுன்னு. அதான் உங்களுக்குப் போன் பண்ணேன். குடுத்துடட்டுமா மாமான்னு கேட்டேன். உங்க இஷ்டம்னுட்டீங்க."

இவருக்கு அந்த போன் நினைவிருந்தது. ஆனால் அவர் நினைவில் அது வேறு மாதிரி இருந்தது. அவள் பேச ஆரம்பித்தாள், கம்பெனி என்று ஏதோ சொன்னாள், அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடியும் கூப்பிடுவாள் என்று இருந்தார். கூப்பிடவில்லை. பத்து நாள் கழித்துக் கிளப்புக்குக் கடிதம்தான் வந்தது.

"லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேனே."

"நான்தான் கட் பண்ணேன். உங்க இஷ்டம்னு சொன்னதுக்கு அப்புறம் என்ன பேசறது?"

"நான் அப்படிச் சொல்லல பாப்பா."

"என் காதால கேட்டேன் மாமா."

"மணி என்ன இருக்கும்?"

அவள் கைபேசியை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பழசை அழிக்கிற வழக்கம் இல்லாதவள். கடைக்காரி. "பதினொண்ணு நாப்பது. மூணு நிமிஷம் பேசியிருக்கோம்."

அவர் நோட்டைத் திருப்பினார். அந்தச் சனிக்கிழமை. அவருடைய கையெழுத்துத்தான். பதினொன்று நாற்பத்திரண்டு, பல் டாக்டரின் விமானம் வடக்கிலிருந்து வந்து இறங்கியது. காற்று மேற்கே ஆறு.

அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். அன்றைக்கு நடந்தது அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தார். ரேடியோவில் டாக்டர் குரல் வந்ததும் வலது கை தானாக மைக்குக்குப் போனது. தலையைத் திருப்பி மைக்கில் பேச ஆரம்பித்து, பேசி முடிக்கும்போது முகம் போன் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். வாக்கியத்தின் தலை டாக்டருக்கும் வால் இவளுக்கும் போயிருக்கிறது.

"அது உங்களுக்குச் சொன்னதில்ல" என்றார். "பல் டாக்டருக்குச் சொன்னது."

அவளும் எழுந்துவந்து நோட்டைப் பார்த்தாள். கைபேசியைப் பார்த்தாள். மறுபடியும் நோட்டைப் பார்த்தாள். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கச் சிரித்தாள். கீழே கொட்டகை வாசலில் அந்தப் பல் டாக்டர் இன்னும் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா நான் உங்கமேல கோவமா இருந்தேன் தெரியுமா? இத்தனை வருஷம் இருந்த மனுஷன், ஒரு வார்த்தை இழுத்துப் பேசாம தூக்கிப் போட்டுட்டாரேன்னு."

"எனக்கு உங்கமேல கோவம் இல்ல பாப்பா."

"அதான் தெரியுமே. உங்களுக்கு யார் மேல எப்ப கோவம் வந்திருக்கு."

ரேடியோ லேசாக இரைந்துகொண்டிருந்தது. யாரும் பேசாதபோதும் அது அப்படித்தான், எண்ணெய் காய்கிற சத்தம் மாதிரி. அவள் எட்டி அதன் திருகைத் திருப்பி அணைத்தாள். பகல் நேரத்தில் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லை.

"இப்ப சொல்லுங்க. அன்னிக்கு டாக்டர் வரல, ரேடியோ இல்ல, ஒண்ணும் இல்ல. குடுத்துடட்டுமா மாமான்னு நான் கேக்கறேன். என்ன சொல்லியிருப்பீங்க?"

ஒரு பொய் போதும். கல்யாணம் முடிக்கவும் கடை நடத்தவும் எத்தனையோ பேர் எத்தனையோ பொய் சொல்கிறார்கள். வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் என்றால் முடிந்தது கதை. அவர் யோசித்துத்தான் பார்த்தார். நேர்மையாக யோசித்தார். அதுதான் வினை.

"அதையேதான் சொல்லியிருப்பேன் பாப்பா."

அவள் தலையை ஆட்டினாள். அதை எதிர்பார்த்தவள் மாதிரிதான் இருந்தது.

"சரி. அது போன விஷயம். இன்னிக்கு? கம்பெனிக்காரர் இன்னும் வேலி ஓரமா நடந்துட்டு இருக்கார். பேப்பர் என் பையில இருக்கு. நான் இன்னும் போடல. தம்பி கத்துவான், கத்திட்டுப் போகட்டும். காரணம்கூட வேண்டாம் மாமா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பா பேரைச் சொல்லி நான் எல்லார்கிட்டயும் நின்னுக்கறேன்."

கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை நீளமாகக் கிடந்தது. கம்பத்தில் கட்டிய துணிக் குழாய் பாதி உப்பி, பாதி தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. காற்றுத் திசை பார்ப்பதற்கு அது. இரும்புக்கடைக்காரர் அதற்கு ஒற்றைக்கால் பேன்ட் என்று பெயர் வைத்திருந்தார். மேற்கே ஏழு இருக்கும் என்று அவர் கண் தானாக எடை போட்டது.

வேண்டாம் என்கிற வார்த்தை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. தெரியாமல் இல்லை. கடைசி அலமாரியில், மேல் தட்டில், தூசிக்குப் பின்னால். கை எட்டுகிற தூரம்தான். கைதான் வேறு யாருடையதோ மாதிரி மேஜைமேல் கிடந்தது. எதிராளி முடியாது என்றால் எப்படி எழுந்து நடப்பது, எங்கே நிற்பது, எத்தனை முடிச்சுப் போடுவது எல்லாவற்றையும் இரும்புக்கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார். சரக்கு மொத்தத்தையும் கையில் வைத்து எடுத்துக்கோங்க என்கிறவளிடம் எப்படிப் பேரம் பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"நான் சொல்லி, நாளைக்கு உங்களுக்கு நஷ்டம் வந்துடுச்சுன்னா?"

"வரட்டும். அது என் பாடு."

"தம்பி வேற..."

"மாமா."

"பசங்க படிப்பெல்லாம் இருக்கு உங்களுக்கு."

"மாமா, நான் மெத்தைக்கடை நடத்தறேன். நஷ்டம்னா என்னன்னு நீங்க எனக்குச் சொல்லவேண்டாம். வேண்டாம்னு சொல்லுங்க. இல்ல குடுன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு."

அவர் வாயைத் திறந்தார். அவள் காத்திருந்தாள். ஏழு வயசில் மைக்கை ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டு இதே திண்டில் இதே மாதிரிதான் காத்திருந்தாள். அன்றைக்கும் இவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவளாகவே தொட்டாள்.

"நான் யாரு பாப்பா, சொல்றதுக்கு?" என்றார்.

அவள் முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. டம்ளரில் மிச்சமிருந்ததை ஒரே வாயில் குடித்துவிட்டு, பிளாஸ்க்கை ஒழுங்காக மூடி வைத்தாள்.

"எங்கப்பா ஆளுங்களை நல்லா எடை போடுவார்" என்றாள். "உங்க விஷயத்துலதான் தப்பா போட்டுட்டார்."

பழுதான மெத்தையைத் திருப்பி அனுப்பும்போது சொல்வது போல, சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேஜைமேல், நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவருக்கு அது சுருக்கென்று குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. குத்தவில்லையே என்பதுதான் லேசாக ஒரு மாதிரி இருந்தது.

கம்பெனிக்காரர் பதினோரு படியும் மூச்சு வாங்க ஏறி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, முழங்கால்வரை புல்விதை. நல்ல மனுஷர்தான். கண்ணாடி வழியாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வெயில் அருமையா விழுது. நிழலே கிடையாது" என்று ரசித்துச் சொன்னார். நாற்காலியை இவரே எழுந்து அவருக்குக் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, பதினாலு இடத்தில். அவள் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் படித்துப் போட்டாள். ஏழாவது பக்கத்தில் நிறுத்தி, வேலிச் செலவு யார் தலையில் என்று ஒரு வரியை மாற்றவைத்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனாவைப் பிடித்தபடி ஒரு தடவை தலை நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். நீளமான பார்வை இல்லை. பிறகு போட்டுவிட்டாள்.

"சாட்சிக்கு ஒருத்தர் வேணும்" என்றார் கம்பெனிக்காரர். "டிரைவரைக் கூப்பிடலாமா, இல்ல சார் போடுவாரா? மைதானத்து ஆள்னா இன்னும் விசேஷம். எதிர்ப்பு இல்லைங்கறதுக்கு அதுவே போதும்."

அவள் பேனாவை மேஜையில் வைத்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை, தள்ளி வைக்கவும் இல்லை.

அவர் எடுத்தார். பெயர், அப்பா பெயர், முகவரி, கையெழுத்து. அழகான கையெழுத்து அவருக்கு. நோட்டில் இருபத்தாறு வருஷம் எழுதிப் பழகிய கை. கம்பெனிக்காரர் மை காய ஊதிவிட்டு, "சுத்தமா இருக்கு சார்" என்றார்.

படியிறங்கும்போது திரும்பி, "ஒரு சின்ன வேலை. அந்தக் கம்பத்துத் துணியை இன்னிக்கே எறக்கிடுங்க. மேலேருந்து பாக்கறவங்க மைதானம் இருக்குன்னு நினைச்சு வந்துடக் கூடாது பாருங்க" என்றார்.

அவள் போகும்போது, "வரேன் மாமா" என்றாள். வழக்கமாகச் சொல்வதுதான். கார் கதவு சாத்துகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது.

இவர் கீழே வந்ததும் கொட்டகையிலிருந்து இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். கார் போன திசையையும் இவர் முகத்தையும் பார்த்ததுமே புரிந்துபோயிருக்க வேண்டும். இருந்தாலும் இரும்புக்கடைக்காரருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பத்துல ஆரம்பிச்சீங்களா?"

இவர் சுவரில் சாத்தியிருந்த ஏணியை இழுத்தார்.

"எடுத்த எடுப்புல முடியாதுன்னுட்டாங்களா?"

"ரொம்ப நேரம் பேசினோம்" என்றார். அது பொய் இல்லை.

"பாத்தேனே. கண்ணாடி வழியா பாத்துட்டுத்தான இருந்தேன். அவங்க கையை ஆட்டி ஆட்டிப் பேசறாங்க, நீங்க அசையாம உக்காந்திருக்கீங்க. அப்படித்தான் இருக்கணும். என் கடையில உங்களை மாதிரி ஒரு ஆள் இருந்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்."

"விடுங்க" என்றார் பல் டாக்டர். "அவங்க முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்காங்க. யார் கேட்டாலும் மாத்தியிருக்க மாட்டாங்க. அதுக்கு இவர் என்ன பண்ணுவார்?"

டாக்டர் அவர் கையைப் பிடித்தார். பல் பிடுங்குகிறவரின் கை, அழுத்தமான பிடி.

"உங்களால ஆனதைச் செஞ்சீங்க இஷ்டம் சார். போனவங்க எல்லாருக்கும் நான் சொல்றேன். கடைசி நிமிஷம் வரைக்கும் நமக்காக நின்னு பேசினார்னு சொல்றேன்."

இந்த இடத்தில் இல்லை என்று சொல்லலாம். நான் கேட்கவே இல்லை, அவள்தான் கேட்டாள் என்று சொல்லலாம். அன்றைக்கு நீங்கள் இரண்டு நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் என்றுகூட ஆரம்பிக்கலாம். டாக்டர் கையை விடாமல் குலுக்கிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. இவர் தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"சரி டாக்டர்" என்றார்.

அவர்கள் விமானங்களைக் கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வரும்போது இவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பத்துக்குப் போனார். துணிக் குழாயைக் கட்டியிருந்த கயிறு வெயிலிலும் மழையிலும் இறுகி மரம் மாதிரி ஆகியிருந்தது. நகம் போகவில்லை. கத்தி கொண்டுவந்திருக்கலாம். மறுபடி இறங்கி ஏற வேண்டாம் என்று விரலாலேயே நெம்பினார். கீழே முதல் என்ஜின் இருமிவிட்டுப் பிடித்தது. பிறகு இரண்டாவது. சத்தம் ஓடுபாதையின் கிழக்குக் கோடிக்குப் போய் நின்று, கூடி, அவரை நோக்கி வந்து, தலைக்கு மேலே கடந்தது. முதல் முடிச்சு அப்போதுதான் கொஞ்சம் இளகியது. அவர் பிடியை விடாமல் அடுத்த முடிச்சுக்குப் போனார். இன்னும் மூன்று இருந்தன.